வலது முன்சக்கரத்தில் வைத்த தகடு

நம் சின்னவளின் காதுகுத்துப் போட்டோ பீரோவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் மாமாவின் இடது புருவத்துக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்திரி. சட்டைக் காலரில் ரத்தப் பொட்டு. பக்கத்தில் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். பிளாஸ்திரி எதற்கு என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் கேட்கும்போதெல்லாம், மாமாவின் கேரேஜில் ஜாக் நழுவி அவன்மேல் விழுந்துவிட்டது என்று சொல்லி வந்திருக்கிறோம். அது பொய். அந்தக் கேரேஜில் ஜாக் ஒருநாளும் நழுவியதில்லை. மாமாவை அடித்தது நான். வீல் நட்டு கழற்றும் பானாவால் அடித்தேன்.

இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது. உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள், அவளுக்கு எல்லாம் தெரியும்.

நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நடந்தது. ஒரு மழை நாளில் காட்கோபர் பக்கம் ஒரு லாரி நான் ஓட்டுகிற டாக்ஸியின் வலது பக்கத்தை உரசிக்கொண்டு போனது. கண்ணாடி பறந்தது, கதவு நசுங்கியது, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அம்மா பயந்துவிட்டாள். நம் சந்து அம்மன் கோயில் கொடை விழாவில் சாமியாடியிடம் போய் நின்று, மந்திரித்த செம்புத் தகடு ஒன்று வாங்கி வந்தாள். நாலாக மடித்த தகடு, பெரிய தபால்தலை அளவு.

"சுத்துத இடத்துல வைக்கணுமாம். யாரு கண்ணும் படக்கூடாதாம். வச்சிருவீயள்லா?" என்றாள்.

வண்டியில் சுற்றுகிற இடம் எது? சக்கரம்தான். அந்த வாரமே முன் பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். அந்தத் தட்டு போய் உட்காருகிற இடத்துக்கு ஹப் என்று பெயர். மாமா இடது பக்கத்தை முடித்துவிட்டு, வலது பக்கம் பழைய டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான். பிரேக் ஆயில் வாங்கத் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போனான்.

கேரேஜில் நான் மட்டும். பையில் தகடு இருந்தது. மாமாவிடம் சொன்னால் சிரிப்பான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். ஹப்பின்மேல் துளி சந்தனம் வைத்துத் தகட்டை ஒட்டினேன். அதன்மேல் புது டிஸ்க்கை மாட்டினேன். கும்பிட்டுக்கொண்டேன்.

மாமா திரும்பி வந்து பார்த்தான். "என்ன அத்தான், நீங்களே மாட்டிட்டீயளா? பரவால்லயே, இனும கடைய உங்ககிட்ட விட்டுட்டு நான் டிரைவர் வேலைக்குப் போயிரலாம் போலயே!"

சிரித்துக்கொண்டே மிச்ச வேலையை முடித்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "வச்சாச்சு" என்றேன். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு நாளில் நானே மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் செம்பூரிலிருந்து ஹைவே ஏறி வேகம் பிடித்துப் பிரேக் போட்டபோது ஸ்டீரிங் கைக்குள் துடித்தது. முதலில் லேசாக, பிடித்த கோழி துடிப்பதுபோல. பிரேக்கை விட்டால் நின்றுவிடும், மிதித்தால் மறுபடியும் தொடங்கும். ஒரு வாரத்தில் அது துடிப்பாக இல்லை, உதையாக இருந்தது. எண்பதில் போய்ப் பிரேக் அடித்தால் இரண்டு மணிக்கட்டையும் யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருக்கும். சாவிக்கொத்து கிலுகிலுக்கும், டாஷ்போர்டில் இருக்கிற பிள்ளையார் தலையாட்டுவார். சாயங்காலம் தட்டில் சோற்றைப் பிசையும்போது விரல் நடுங்கும்.

டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்த்தேன், போகவில்லை. மாமாவிடம் கொண்டுபோனேன்.

"சும்மா போகும்போது ஆடுதா?"

"இல்ல."

"பிரேக் போட்டா மட்டும்?"

"ஆமா."

"அப்போ பேலன்ஸ் இல்ல அத்தான். ஸ்டீரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?"

"ஸ்டீரிங்."

"அப்போ முன்னாடி பிரேக்குதான். சீட்டு ஆடுனாத்தான் பின்னாடி."

பேட்டைக் கழற்றிப் பார்த்தான். பேட்டை அழுத்துகிற காலிபரின் பின்னுக்குக் கிரீஸ் வைத்தான். டிஸ்க்கைக் கையால் தடவிப் பார்த்து, "புதுசாத்தான் இருக்கு. ஆனா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு. ஒருநாள் முழுக்க வண்டிய விட்டுட்டுப் போங்க. டிஸ்க்க இறக்கி டயல் வச்சுப் பாத்துருவோம்" என்றான்.

ஒருநாள் வண்டியை விட்டால் அன்றைக்கு சவாரி கிடையாது. விடவில்லை. பேட்டைத் தேய்த்துக் கொடுத்தான். ஒரு வாரம் சும்மா இருந்தது, பிறகு இன்னும் மோசமாக உதைத்தது. மறுபடியும் போனேன். அதையே சொன்னான். மூன்றாம் முறையும் அதையேதான் சொன்னான். மூன்று முறையும் அரைமணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது நான்தான்.

என் புத்தி வேறு பக்கம் போயிற்று. புது டிஸ்க் போட்டு இரண்டு மாதத்தில் இப்படி ஆகுமா? கூடப் பிறந்தவள் புருஷன், கேள்வி கேட்க மாட்டான் என்று டூப்ளிகேட் போட்டுவிட்டான். இதைத் தினமும் எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்டீரிங் என் கையை உலுக்கும்போதெல்லாம் அவன் முகம்தான் வந்தது. வீட்டில் எதற்கெடுத்தாலும் கத்தினேன். ஒருநாள் ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைச் சுவரில் எறிந்தேன். பெரியவனே, உனக்கு அது நினைவிருக்கலாம். நீ கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

காதுகுத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே தம்பி. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, கோவண்டியிலிருந்தும் கோபர்கைரனேயிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவதாகச் சொல்லியாயிற்று.

அன்றைக்குக் காலையில் மாட்டுங்காவிலிருந்து ஒரு வயதான தம்பதி ஏறினார்கள். கணவர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். கோபர்கைரனேயில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மான்கூர்டு தாண்டி வாஷி பாலத்துக்கு முன்னால் ஒரு டெம்போக்காரன் சைகை கொடுக்காமல் என் முன்னால் வெட்டினான். பிரேக்கை முழுதாக மிதித்தேன்.

ஸ்டீரிங் வெட்டி வெட்டி இழுத்தது. கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் திரும்பியது. நான் திருப்பினால் அது மறுபடி திரும்பியது. வண்டி தடதடவென்று அடித்துக்கொண்டே போய் டெம்போவின் பின்பக்கத்தில் முட்டி நின்றது. பின்சீட்டிலிருந்த அந்த அம்மாளின் முகம் முன்சீட்டின் முதுகில் மோதியது. திரும்பிப் பார்த்தேன். உதடு கிழிந்து, வெள்ளைப் புடவையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது! வண்டி இப்படி உதறறது! மனுஷாளை ஏத்தற வண்டியா இது?" என்று பெரியவர் கத்தினார்.

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து டெம்போக்காரன் என் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். "அபே, அந்தா ஹை க்யா?", நீ என்ன குருடா என்று கேட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தான். தப்பு அவன்மேல்தான். ஆனால் அவனை அடிக்கும்போது நான் அவனை அடிக்கவில்லை, மனசுக்குள் மாமாவைத்தான் அடித்தேன். வயிற்றில் குத்தினேன். குனிந்தவன் தலையைப் பிடித்து அவன் டெம்போ தகரத்திலேயே மோதினேன். அவன் எழுந்து என் முழங்காலில் உதைத்தான். ரோட்டில் உருண்டோம். நாலு பேர் வந்து பிரித்தார்கள். அந்த அம்மாள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, "போதும்ப்பா, போதும், எங்களை இறக்கி விட்டுடு" என்றார். ஒரு ரிக்ஷாவைப் பிடித்து அவர்களை ஏற்றிவிட்டேன். பெரியவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

நேராகத் தாராவிக்கு வந்தேன். நடுப்பகல், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாமா ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலைப் பிடித்து இழுத்தேன். முதுகு சிமெண்டில் உரச வெளியே வந்தான்.

"என்ன அத்தான், மூஞ்சில என்ன ரத்தம்?"

"என்ன டிஸ்க்குலே போட்ட? டூப்ளிகேட்டுதான போட்ட?"

"யாரு சொன்னா?"

"ஒரு பொம்பள வாய் கிழிஞ்சு போச்சு இன்னிக்கு! உன்னால!"

எழுந்து நின்றான். கையைத் துணியில் துடைத்தான். கோபப்படவில்லை. "மூணு தடவ சொன்னேன் அத்தான், ஒருநாள் வண்டிய விடுங்கன்னு. நீங்கதான் விடல."

அது உண்மை. அதனால்தான் தாங்க முடியவில்லை. பெஞ்சில் பானா கிடந்தது. எடுத்து ஓங்கி அடித்தேன். புருவ எலும்பில் பட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. மரத்தில் தட்டியதுபோல ஒரு சின்னச் சத்தம். அவன் பின்னால் போய் டிரம்மில் மோதி உட்கார்ந்தான். கண்ணைத் திறந்தான், கண் முழுக்க ரத்தம். இரண்டாவது முறையும் பானாவை ஓங்கினேன். பக்கத்துத் தோல் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத என் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல். எப்படி ஆச்சு என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். நான் வாசலில் நின்றேன். மாமா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு டாக்டரிடம், "ஜாக் கிர் கயா" என்றான். ஜாக் விழுந்தது என்று முதலில் சொன்னது அவன்தான். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

வீட்டில் அம்மா அழவில்லை. நகைக் கடையில் வாங்கிய சின்னக் கம்மல் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"யாரு மடியில வச்சுக் குத்தப் போறீய? அந்தப் பானா மடியிலயா?"

"அவன் டூப்ளிகேட் போட்டான்."

"அவன் வர மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன். மண்டபத்துல வந்து நிக்கவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க, ஏன் தாய்மாமன் வரலன்னு."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கோ வீம்பு. டூப்ளிகேட் என்று நிரூபித்துவிட்டால் என்மேல் தப்பில்லை என்று ஆகிவிடும் அல்லவா? நாலாம் நாள் வண்டியைச் செம்பூரில் ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். ராமநாதபுரத்துக்காரர், பிரேக் வேலையில் கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். இந்த முறை முழுநாளும் வண்டியை விட்டேன்.

சக்கரத்தைக் கழற்றினார். டயல் கேஜை டிஸ்க்கில் வைத்துச் சுற்றினார். அது கடிகாரம்போல ஒரு முள் வைத்த கருவி. இடது பக்கம் முள் அசையவில்லை. வலது பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் போய்ப் போய் வந்தது.

"டிஸ்க் டூப்ளிகேட்டுதான பாய்?"

"ஒரிஜினல். இந்தா, மார்க் தெரியுதா? போட்டவரு நல்ல வேலைக்காரரு."

"அப்ப ஏன் ஆடுது?"

"பொறுங்க, உள்ள ஏதோ மாட்டியிருக்கு."

டிஸ்க்கை இறக்கினார். சாய்த்துப் பிடித்துப் பார்த்தவர் முகம் மாறிற்று. ஹப்பின்மேல் நாலாக மடித்த செம்புத் தகடு, பச்சை பூத்து, நசுங்கி ஒட்டியிருந்தது. ஓரத்தில் சந்தனம் கறுத்திருந்தது. பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவரால் அதைச் சுரண்டி எடுத்து என் கையில் போட்டார். "எந்த சாமி பேரு வேணா எழுதியிருக்கட்டும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு தலமுடி கூட இருக்கக் கூடாது. டிஸ்க் சாஞ்சு உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு சுத்துலயும் ஒரே எடத்துல பேட்டுல உரசியிருக்கு. உரசுன எடம் தேஞ்சு மெலிசாயிருச்சு. நீங்க மிதிக்கும்போது ஒரு எடம் தடிமன், ஒரு எடம் மெலிசு. அதான் கையில உதைக்குது. எந்தப் பைத்தியக்காரன் வச்சான் இத?"

"தெரியல பாய்" என்றேன்.

புது டிஸ்க் போட்டுத் தரட்டுமா என்றார். வேண்டாம், இதையே மாட்டிக் கொடுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை, தலையைச் சொறிந்துகொண்டே மாட்டினார்.

தாராவிக்கு மெதுவாக ஓட்டி வந்தேன். தகடு சட்டைப் பையில். எடுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான். ஒவ்வொரு சிக்னலிலும் அதே உதை. வழியில் ஒரு நாலா, பெரிய சாக்கடைக் கால்வாய், வந்தது. கண்ணாடியை இறக்கினேன். வீசிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாய்க்கு நான் யார் என்று தெரியாது. டூப்ளிகேட் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருக்கலாம். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன்.

மாமா வீட்டில் அம்மா அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்திருந்தாள். அவனுக்கு இடது கண் வீங்கி மூடியிருந்தது. நான் தகட்டை எடுத்து அவன் முன்னால் தரையில் வைத்தேன். அம்மாவுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ ஆயில் வாங்கப் போனப்ப, நான்தான் ஹப்புல வச்சேன். டிஸ்க்கு ஒரிஜினல்தான்."

அவன் தகட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து என் வாயில் ஒரு குத்து விட்டான். பின்மண்டை கதவில் மோதியது. முன்பல் உடைந்து நாக்கில் வந்து விழுந்தது. சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, வயிற்றில் ஒன்று, விலாவில் ஒன்று. நான் கையைத் தூக்கவில்லை. கீழே விழுந்த பிறகு இடுப்பில் ஒரு உதை விட்டான். அவன் தையல் பிரிந்து ரத்தம் கன்னத்தில் வழிந்தது, அவன் துடைக்கவில்லை. மூச்சு வாங்க மறுபடியும் காலை ஓங்கினான்.

அம்மா கஞ்சிப் பாத்திரத்தை மூடிவைத்தாள். "போதும்லே. காதுகுத்துக்குப் போட்டோ எடுக்கணும்."

அவன் காலைக் கீழே வைத்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"எந்தப் பக்கம்?"

"ரைட்டு" என்றேன், வாய் நிறைய ரத்தத்தோடு.

"லெஃப்ட்டுல என்ன வச்சிருக்கீய? பிள்ளையாரா?"

அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு அப்புறம்தான் அழுதாள், மூன்று நாளாக அழாததை எல்லாம் சேர்த்து.

மறுநாள் வண்டியைக் கேரேஜில் விட்டேன். ஒற்றைக் கண்ணோடு அவன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான், வேலை முழுக்க என்னைச் செய்யவைத்தான். இரண்டு ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். "இன்னும் தேய்ங்க. விரல் வச்சுப் பாருங்க, சொரசொரன்னு இருக்கா? அப்ப இன்னும் தேய்ங்க." இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட். டயல் வைத்து அவனே பார்த்தான், முள் அசையவில்லை. சக்கரத்தை மாட்டி நட்டு முறுக்கும்போது நான் பானாவின் மேல் ஏறி மிதித்தேன்.

"மிதிக்காதீய! காட்டான் மாதிரி மிதிச்சா டிஸ்க்கு திரும்பவும் கோணிக்கிடும். ஒண்ணு விட்டு எதுத்தாப்புல ஒண்ணு, கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. அந்தப் பானாவ மெதுவாவும் பிடிக்கலாம் அத்தான், தெரியும்லா?"

தலை குனிந்து முறுக்கினேன்.

பிறகு இரண்டு பேரும் ஹைவேக்குப் போனோம். அவன் பக்கத்துச் சீட்டில். எண்பதில் போனபோது, "இப்ப மிதிங்க" என்றான். எனக்குக் காலைத் தூக்கவே பயம். மான்கூர்டில் அந்த அம்மாளின் உதடு கண்முன்னால் வந்தது. அவன் இரண்டு விரலை ஸ்டீரிங்மேல் வைத்தான். மிதித்தேன். வண்டி நேராக, சத்தமில்லாமல் நின்றது. அவன் விரல் அசையவில்லை. மறுபடி மறுபடி பத்துத் தடவை மிதிக்கச் சொன்னான். இறங்கும்போது, காதுகுத்துக்கு வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை.

அன்றைக்கு மண்டபத்தில் எல்லோரும் வந்தாயிற்று. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். மணை காலியாக இருந்தது. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நிற்கக்கூட முடியாமல் தூணோடு நின்றேன். தட்டில் பட்டுப்பாவாடையும் பழமும் எடுத்துக்கொண்டு, புருவத்தில் புதுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, அவன் வந்தான். "என்னலே மண்டையில?" என்று யாரோ கேட்டார்கள். "ஜாக் நழுவிருச்சு" என்று சொல்லிக்கொண்டே போய் மணையில் உட்கார்ந்தான்.

சின்னவளே, உன்னை அவன் மடியில் வைத்தார்கள். ஊசி ஏறியதும் நீ அலறித் தலையைப் பின்னால் அடித்தாய். உன் மண்டை நேராக அவன் தையலில் மோதியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், உன்னை விடவில்லை. ரத்தம் பிளாஸ்திரியைத் தாண்டிக் காலரில் சொட்டியது. போட்டோவில் நீங்கள் பார்க்கிற பொட்டு அதுதான். அந்தத் தகட்டை அம்மா அதே அம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டாள்.

என் முன்பல் முறுக்கு கடித்து உடைந்தது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். போட்டோக்காரர் எல்லோரும் சிரியுங்கள் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.